கூடமே மேடை: பிள்ளைகளோடு பழைய நாடகங்களை வீட்டில் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லால்குடியில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்கு வருடா வருடம் மே மாதம் போவோம். என் பிள்ளைகள் இரண்டு, நாத்தனார் பிள்ளைகள் மூன்று, ஆக ஐந்து பேர். வெயிலில் வெளியே விட முடியாது. உள்ளே விட்டால் வீடு தாங்காது. அப்படி ஒரு மத்தியானத்தில் ஆரம்பித்ததுதான் இந்த நாடக வேலை. ஏழு வருடம் ஓடிவிட்டது. கேள்விப்பட்ட உறவுக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் நாடகம் படித்தவள் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

எந்த நாடகத்தில் ஆரம்பிப்பது?

வள்ளி திருமணம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய நடக்கிறது. பிள்ளைகளுக்கு இது ஏன் பிடிக்கிறது என்றால், இதில் முருகன் ஒரு வேடத்தில் ரொம்ப நேரம் நிற்பதே இல்லை. வேடனாக வருகிறான். வள்ளியின் அப்பா நம்பிராஜன் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாகிவிடுகிறான். அவர் போனதும் கிழவன். கிழவனை வள்ளி ஒரு பொருட்டாக மதிக்காதபோது அண்ணனைக் கூப்பிடுகிறான். விநாயகர் யானையாக வந்து மிரட்டுகிறார். நாலு வயதுப் பிள்ளைக்குக்கூட மரமாக நிற்கத் தெரியும். யானையாகப் பிளிறச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, நிறுத்தத்தான் சொல்லித்தர வேண்டும்.

சாமான்களும் சமையலறையிலேயே இருக்கின்றன. கிழவன் பசிக்கிறது என்பான், வள்ளி தேனும் தினைமாவும் கொடுப்பாள், தின்றதும் அவனுக்கு விக்கல் எடுக்கும், தண்ணீர் கேட்பான். நாங்கள் நிஜமாகவே தினை வறுத்து அரைத்து வைத்தோம். அப்போது ஆறு வயதான என் சின்னவன்தான் கிழவன், பஞ்சுத் தாடியோடு. கொடுத்த மாவை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டான். தொண்டையில் அடைத்துக் கண் பிதுங்கிவிட்டது. என்னமாய் நடிக்கிறான் என்று பாட்டி கைதட்டுகிறார், நான் சொம்போடு ஓடுகிறேன். அதற்குப் பிறகு மாவைத் தேனில் பிசைந்து உருண்டையாக, அதுவும் சுண்டைக்காய் அளவில்தான் தருவது. தண்ணீர்ச் சொம்பு மேடையிலேயே, மரத்தடியில் இருக்கும்.

வள்ளி பரண்மேல் நின்று “ஆலோலம்” பாடிக் கிளி விரட்டும் இடத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் கிளியாக்கிவிடுங்கள். பெரியவர்களுக்கும் கத்த ஒரு வாய்ப்பு.

முழு நாடகத்தையும் போட வேண்டாமா?

வேண்டவே வேண்டாம். வீட்டு நாடகங்கள் பாதியில் நின்றுபோக நான் கண்ட முதல் காரணம் இந்த ஆசைதான். ஒரு காட்சி. பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. மற்றதை ஒருவர் கதையாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்துப் பெரிய நாடகங்கள் ராத்திரி முழுக்க நடப்பதற்காக எழுதப்பட்டவை. அதில் நம் கூடத்துக்கு ஏற்ற துண்டு எது என்று பார்ப்பதுதான் அம்மா அப்பாவின் முக்கால்வாசி வேலை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்தக் காட்சியில் கையால் தொட ஏதாவது ஒரு பொருள் இருக்கிறதா? மோதிரம், சிலம்பு, தினைமாவு, சுரங்கம், ஏதாவது ஒன்று. பொருள் இருந்தால் பிள்ளைகளுக்குக் கை எங்கே வைப்பது என்ற கவலை போய்விடும். வெறும் பேச்சாக ஓடும் காட்சியில் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நிற்பார்கள்.

வசனத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். நோட்டில் எழுதி, ஆளுக்கொரு பக்கமாகக் கிழித்துக் கொடுத்தேன். பெரியவள் கடகடவென்று ஒப்பித்தாள். ஆமாம், ஒப்பித்தாள். கண் உத்தரத்தைப் பார்க்கிறது, இரண்டு கையும் பின்னால், பள்ளிக்கூட ஆண்டு விழாப் பேச்சு மாதிரியே. நாத்தனார் மகன் ஒரு வரியை மறந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மொத்த நாடகமும் வரிசையில் காத்துக்கொண்டிருந்தது.

பிறகுதான் திருவிழாக்களில் போடும் ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று கவனித்தேன். அதில் நடிகர்கள் ஒரே கம்பெனி இல்லை. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பது. சேர்ந்து ஒத்திகை பார்ப்பதெல்லாம் கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. கதையும் பாட்டும் எல்லோருக்கும் அத்துப்படி. நடுவில் வரும் பேச்சு அங்கேயே பிறக்கிறது. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்கவே தனியாகக் கூட்டம் வரும். தொழில்முறை நடிகர்களே அப்படிச் செய்யும்போது நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எதற்கு நோட்டு?

இப்போது நான் செய்வது இதுதான். முதல் நாள் கதையைச் சொல்வேன். மறுநாள் அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் எழுந்து நின்று சொந்த வார்த்தையில் பேசுவார்கள். அதன் பிறகுதான் மூல நாடகத்திலிருந்து நாலைந்து வரியை எடுத்து அங்கங்கே ஆணி அடிப்பது. அந்த வரிகளை மட்டும் மாற்றக் கூடாது. மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம்.

பெரியவள் வள்ளியாக நடித்தபோது, கல்யாணம் கேட்ட கிழவனிடம், “தாத்தா, உங்க வயசுக்கு உங்களுக்கு வேண்டியது பொண்டாட்டி இல்லை, நல்ல டாக்டர்” என்றாள். இதை நான் எழுதிக் கொடுத்திருக்க முடியுமா?

பழைய தமிழ் அவர்களுக்குப் புரியுமா?

நீங்கள் எந்த வரியைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மனோன்மணீயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்டது. ஐந்து அங்கம், இருபது களம், முழுக்கச் செய்யுள். மேடையைவிடப் படிப்பதற்கு ஏற்ற நாடகம் என்றுதான் பெயர். நம் தமிழ்த்தாய் வாழ்த்து அதன் பாயிரத்தில் இருப்பது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். காலைப் பிரேயரில் பாடுவதற்கு என்றே எழுதியது என்று நினைத்திருக்கிறார்கள்.

அதில் நடராசன் என்று ஒருவன் வயல் பக்கம் தனியாக நின்று மண்புழுவோடு பேசுகிறான். “ஓகோ! நாங்கூழ்ப் புழுவே! உன்பாடு ஓவாப் பாடே” என்று. நாங்கூழ் என்றால் மண்புழு, ஓவா என்றால் ஓயாத. உன் பாடு ஓயாத பாடு. அவ்வளவுதான் அகராதி வேலை. கொஞ்சம் தள்ளி “எம்மண் ஆயினும் நன்மண் ஆக்குவை” என்று ஒரு வரி வரும். அதற்கு அகராதியே தேவையில்லை. சின்னவனுக்கு எட்டு வயதிருக்கும்போது இந்த இரண்டு வரியையும் கொடுத்தேன். அவன் கொல்லையில் வாழை மரத்தடியைத் தோண்டி, கொட்டாங்கச்சியில் ஈர மண்ணோடு நிஜமான புழுவையே கொண்டுவந்துவிட்டான். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முன்னால் இருந்த எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புழுவிடம் பேச வேண்டும் என்று இருக்கிறது, பேசினான். நான் இதுவரை பார்த்ததில் நல்ல நடிப்பு என்று அதைத்தான் சொல்வேன். நாடகம் முடிந்ததும் புழுவை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தான்.

சரி, ஒரு எச்சரிக்கை. பதம் பிரித்துக் கொடுங்கள். சீர் பிரித்த பழைய அச்சில் “எம்மண் ணாயினும்” என்று இருக்கும். பத்து வயதுப் பிள்ளை “ணாயினும்” என்றால் என்ன என்று கேட்கும், நியாயம்தான்.

மேடைக்கும் திரைக்கும் என்ன செய்வது?

மேடை வேண்டாம். திரை வேண்டும். ஆனால் கயிறு கட்டி இழுக்கிற திரை இல்லை.

தெருக்கூத்தில் ஒரு முறை உண்டு. வேடக்காரர் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் அதற்குப் பின்னால் ஆடுவார். துணிக்கு மேலே கிரீடம் தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், ஆள் தெரியாது. கட்டியங்காரன் வந்து யார், எந்த ஊர், என்ன சேதி என்று வாயைக் கிளறுவான். பாட்டுப் பாடி, கூட்டத்துக்கு ஆவல் ஏறிய பிறகுதான் திரை விலகும். கட்டியங்காரன்தான் கதை சொல்கிறவன், கோமாளி, இடைவேளையை நிரப்புகிறவன் எல்லாமே.

வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரு பழைய வேட்டி அல்லது போர்வை போதும்; ஆணி அடிக்க வேண்டாம், சுவர் கெடாது. வேடம் இல்லாத இரண்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கிற வேலை கிடைத்தது. முக்கியமாக, உள்ளே நிற்கிற பிள்ளைக்கு ஒரு நிமிடம் கிடைக்கிறது. எல்லோரும் தன் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் கூச்சம் பாதி போய்விடுகிறது. சலங்கை இல்லையென்றால் பழைய கொலுசு இரண்டைச் சேர்த்துக் கட்டுங்கள். துணி பிள்ளையின் கழுத்து உயரத்துக்கு இருக்க வேண்டும். பிடிக்கிற இரண்டு பேரும் ஒரே உயரமாக இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் அப்படி அமையவில்லை, குட்டை ஆளை மணைப்பலகைமேல் ஏற்றினோம்.

கட்டியங்காரன் வேடத்தை வாயாடிப் பிள்ளைக்குக் கொடுங்கள். வசனம் மறந்து யாராவது நின்றால் “என்ன மகாராஜா, யோசனை பலமா இருக்கே?” என்று நுழைந்து தூக்கிவிடுவான். பிராம்ப்டர் ஒருவர் கதவுக்குப் பின்னால் கிசுகிசுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

உடை, மேக்கப்?

துண்டு, வேட்டி, பாட்டியின் பழைய பட்டு. கிரீடத்துக்கு அட்டையும் ஜிகினாவும். மீசைக்குக் கண்மை. அரிதாரம் வாங்காதீர்கள், சின்னப் பிள்ளைகளின் தோலுக்கு வேண்டாத வேலை. கிரீடத்தின் பின்பக்கம் எலாஸ்டிக் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் ராஜா கடைசிவரை ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டேதான் நீதி வழங்குவார்.

எண்ணெய் விளக்கு, தீப்பந்தம் எதுவும் வேண்டாம். ஒரு டேபிள் லைட் போதும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேடம் உண்டா? மரமாகவே எத்தனை நாள் நிறுத்துவது?

காளிதாசனின் சாகுந்தலத்தில் ஏழாவது அங்கத்தைப் பாருங்கள். மறைமலை அடிகள் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். நீங்கள் கதையாகச் சொன்னாலே போதும். துஷ்யந்தன் ஆசிரமத்துக்குள் வரும்போது ஒரு சின்னப் பையன் சிங்கக் குட்டியை அதன் தாயிடமிருந்து இழுத்துவைத்துக்கொண்டு, வாயைத் திற, உன் பல்லை எண்ண வேண்டும் என்கிறான். அவன்தான் பரதன், துஷ்யந்தனுக்கும் அவன் மறந்துபோன மனைவி சகுந்தலாவுக்கும் பிறந்த மகன். சிங்கமாக ஒருவர், பல் எண்ண ஒருவர். பல் விழுகிற வயதில் இருக்கும் பிள்ளை சிங்கமாக அமைந்தால் அதிர்ஷ்டம். எங்கள் சிங்கத்துக்கு முன்பல் இரண்டும் இல்லை. “என்ன சிங்கம் இது, பல்லே இல்லை” என்று பரதன் கேட்டதும் சிங்கம் அழுதுவிட்டது. சமாதானம் செய்துதான் தொடர்ந்தோம்.

அதே காட்சியில் இன்னொரு நுணுக்கமான இடம். சிங்கத்தை விடுவிக்க ஆசிரமத்துப் பெண் ஒரு மண் மயில் பொம்மையைக் கொண்டுவந்து, இந்தப் பறவையின் அழகைப் பார் என்கிறாள். சமஸ்கிருதத்தில் அது “சகுந்த லாவண்யம்”. பையன் காதில் சகுந்தலா என்று விழுகிறது. அம்மா எங்கே என்று திரும்பிப் பார்க்கிறான். ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று பிள்ளைகளிடமே விட்டேன். ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, பொம்மை மயிலுக்கே சகுந்தலா என்று பேர் வைத்துவிட்டார்கள். சிலேடை போச்சு, காட்சி நின்றது.

கொஞ்சம் பெரிய பையன்கள் இருந்தால் ஆறாவது அங்கத்தின் தொடக்கம். ராஜாவின் மோதிரத்தோடு ஒரு மீனவனைக் காவலர்கள் பிடித்துவருகிறார்கள். திருடன் என்று உறுமி, சாவு மாலை சூட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள். மீன் வயிற்றில் கிடைத்தது என்று அவன் சொல்கிறான். ராஜா அதை நம்பிப் பரிசு கொடுத்தனுப்பியதும் அதே காவலர்கள் தோளில் கை போட்டு, வா நண்பா, கள்ளுக்கடைக்குப் போவோம் என்கிறார்கள். நாங்கள் டீக்கடை என்று மாற்றிக்கொண்டோம். மீன் அட்டையில் செய்தது. வயிற்றில் கீறல் விட்டு மோதிரத்தை உள்ளே வைத்தோம்.

கூச்சப்படுகிற பிள்ளையை எப்படி நடிக்க வைப்பது?

வைக்காதீர்கள். நாத்தனாரின் நடு மகள் இரண்டு வருடம் திரை மட்டும்தான் பிடித்தாள். அப்புறம் டப்பாவில் அரிசி போட்டு மழைச் சத்தம், இரும்புத் தட்டால் இடிச் சத்தம். நாலாவது வருடம் அவளாகவே வந்து, “அத்தை, நாரதர் எனக்கு” என்றாள். நடுவில் யாரும் அவளை “நீ ஏன் நடிக்கலை” என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயை அடைத்ததுதான் என் சாதனை.

எல்லோரும் கதாநாயகன் வேடமே கேட்டால்?

எங்கள் வீட்டில் தலைகீழ். எல்லோருக்கும் வில்லன் வேண்டும். மனோன்மணீயத்துக் குடிலனுக்கு மூன்று பேர் போட்டி. பாண்டியன் சீவகனை ஏமாற்றும் மந்திரி அவன். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். காட்சியை இரண்டாக வெட்டி வேடத்தை மாற்றிக்கொள்ளலாம். துண்டைத் தோளுக்கு மாற்றினால் வேடம் மாறியது என்று வைத்துக்கொண்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

பையன் பெண் வேடம் போட மாட்டேன் என்கிறான். வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம், கதை சொல்லுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். அதில் ஆண் வேடம், பெண் வேடம், கிழவி வேடம் எல்லாமே பையன்கள்தான். அங்கே ஆறு வயதில் சேர்ந்தவர் டி.கே. சண்முகம். அவர் அபிமன்யுவாக நடிப்பதற்காகச் சுவாமிகள் ஒரு முழு நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம். அந்தச் சண்முகம்தான் பெரியவரான பிறகு ஔவையாராக நடித்து, ‘ஔவை சண்முகம்’ என்று பேரே மாறிப்போனவர். சென்னையில் அவர் பேரில் ஒரு பெரிய சாலையே இருக்கிறது. என் சின்னவனுக்கு இதில் சாலை விஷயம்தான் பிடித்தது. “ரோட்டுக்குப் பேர் வைப்பாங்கன்னா நான் வள்ளியாகுறேன்” என்றான்.

ஷேக்ஸ்பியரைத் தமிழில் போடலாமா?

தாராளமாக. பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) நூறு வருடத்துக்கு முன்னாலேயே செய்துவிட்டார். ஹாம்லெட் அவர் கையில் ‘அமலாதித்யன்’, மாக்பெத் ‘மகபதி’, வெனிஸ் நகரத்து வர்த்தகன் ‘வாணீபுர வணிகன்’. பேரை உரக்கச் சொல்லிப் பாருங்கள், ஓசை எப்படி ஒட்டுகிறது என்று தெரியும். 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, பிறகு வக்கீலாக இருந்துகொண்டே நாடகம் போட்டவர்; அதில் நடித்தவர்களும் நாடகத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் இல்லை. பகலில் வேலைக்குப் போய்வந்து ராத்திரி ஒத்திகை பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அவர்தான் குலதெய்வம்.

வீட்டுக்கு நான் சொல்வது ‘நடுவேனில் இரவுக் கனவு’. அதிலும் காதலர்கள் பகுதியை விட்டுவிட்டு, தச்சரும் நெசவாளியும் தையல்காரரும் சேர்ந்து நாடகம் போடும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடிக்கத் தெரியாதவர்கள் நாடகம் போடுவதுதான் கதையே. அதனால் பிள்ளைகள் தப்பாக நடித்தாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஒருவன் சுவராக நிற்கிறான். காதலர்கள் அவன் விரல் இடுக்கு வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவன் லாந்தரோடு வந்து நான்தான் நிலா என்கிறான். சிங்கமாக வருகிறவன், பெண்கள் பயப்படக் கூடாதே என்று, நான் நிஜச் சிங்கம் இல்லை, தச்சன்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். பெண் வேடம் கொடுக்கப்பட்டவன் எனக்குத் தாடி முளைக்கிறது என்று மறுக்கிறான். எங்கள் சுவர் நடுவில் மூக்கைச் சொறிந்துகொண்டது. காதலர்கள் இருவரும் கை மறுபடி நீளும்வரை காத்திருந்தார்கள். இதைவிடச் சிரித்த நாடகம் எங்கள் வீட்டில் வேறு இல்லை.

வாணீபுர வணிகன் நீதிமன்றக் காட்சி பன்னிரண்டு வயதுக்கு மேல் நன்றாக வரும். ஆனால் கடன் கொடுத்தவன் யூதன் என்பதற்காகவே எல்லோரும் அவனைத் துப்புகிறார்களே, அது சரியா என்று நடித்த பிறகு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். பேசத் தயாராக இருந்தால் எடுங்கள்.

எந்தக் காட்சிகளைத் தவிர்ப்பது?

அரிச்சந்திரன் மயான காண்டம். பிரபலமான காட்சி, பாட்டுகள் எல்லாம் பெரியவர்களுக்கு மனப்பாடம், அதனால் அவர்களே கேட்பார்கள். பாம்பு கடித்துச் செத்த மகனை அம்மா சுடுகாட்டுக்குத் தூக்கிவருகிறாள். அங்கே காவலாக இருக்கும் அப்பா, கால் பணமும் முழத்துண்டும் கொடுத்தால்தான் எரிக்க விடுவேன் என்கிறார். இரண்டாவது வருடம் என் மாமியார் ஆசைப்பட்டாரே என்று இதைப் போட்டோம். செத்துக் கிடந்த பையன் நிம்மதியாகக் கிடந்தான். சந்திரமதியாக நடித்த பெரியவள் நிஜமாகவே அழ ஆரம்பித்து, ராத்திரி சாப்பாடு வரை நிறுத்தவில்லை. காந்தி சின்னப் பையனாக இருந்தபோது அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, அதைத் தனக்குள்ளேயே எண்ணற்ற தடவை நடித்துப் பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிள்ளை மனதில் எவ்வளவு ஆழமாக இறங்கக்கூடிய கதை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மனைவியையும் மகனையும் விலைக்கு விற்கும் காட்சியையும் சேர்த்துத் தள்ளிவையுங்கள்.

மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசம் ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியில் நடக்கும் அருமையான கேலி நாடகம். பிச்சை வாங்கும் கபாலத்தை, அதாவது மண்டை ஓட்டை, தொலைத்த காபாலிகன் என்ற சைவத் துறவி, பழி சுமத்தப்படும் பௌத்த பிக்கு; கடைசியில் பார்த்தால் எடுத்துப்போனது ஒரு நாய். ஆனால் குடியும் மதக் கிண்டலும் நிறைய. பிள்ளைகள் கல்லூரி போகட்டும் என்று வைத்திருக்கிறேன்.

சம்பந்த முதலியாரின் சபாபதியை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பேர், வேலைக்காரன் சொன்னதை அப்படியே செய்து குட்டையைக் குழப்புவான். சிரிப்புக்குக் குறைவில்லை. எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. வேலைக்காரரைப் பார்த்து மட்டும் சிரிக்கிற பழக்கம் என் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று. போட்ட பிறகு பார்த்தால் அவர்கள் எஜமானைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தார்கள்.

எனக்குப் பாட்டு வராது. பாட்டில்லாமல் நடக்குமா?

நடக்கும். வள்ளி திருமணத்தில் வரும் “காயாத கானகத்தே” பாட்டைப் பழைய நாடக நடிகர் கிட்டப்பா குரலில் போனில் போட்டுவிட்டு வேடன் வாயசைத்தான். போதும்.

எத்தனை நாள் ஒத்திகை?

ஐந்து. ஆறாவது நாள் அவர்களுக்குச் சலித்துவிடும், ஏழாவது நாள் உங்களுக்கு.

உரிமை வாங்க வேண்டுமா? வீடியோ எடுத்துப் போடலாமா?

சொந்த வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் போட யாரிடமும் கேட்க வேண்டாம். தவிர, இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 வருடம் வரைதான் உரிமை; சுந்தரம் பிள்ளை மறைந்தது 1897-இல், சுவாமிகள் 1922-இல். புதிய மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்துப் படம் பிடித்துப் பொதுவில் போடுவதாக இருந்தால் அது வேறு விஷயம், கேட்டுக்கொள்ளுங்கள். மனோன்மணீயம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

வீடியோ எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வருடம் என் கணவர் எடுத்தார். ஐந்து பேரும் பாட்டியைப் பார்க்காமல் போனையே பார்த்து நடித்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து போன்கள் எல்லாம் அரிசி டின் மேல்.

நடுவில் ஏதாவது சொதப்பினால்?

சொதப்பும். போன வருடம் மனோன்மணீயத்தின் கடைசிக் காட்சியைப் போட்டோம். கோட்டைக்குள் நடுராத்திரியில் மனோன்மணிக்கும் குடிலன் மகன் பலதேவனுக்கும் அவசரக் கல்யாணம் நடக்கப்போகிறது. அந்த நேரத்தில் சேர ராஜா புருடோத்தமன், காட்டிக்கொடுக்க வந்த குடிலனையே பிடித்துக்கொண்டு சுரங்க வழியாக உள்ளே வருகிறான். கனவில் கண்ட ஆள் எதிரே நிற்பதைப் பார்த்ததும் மனோன்மணி மாலையை அவன் கழுத்தில் போட்டுவிடுகிறாள்.

சுரங்கத்துக்கு இரண்டு பெஞ்சுகளையும் சாப்பாட்டு மேஜையையும் வரிசையாகப் போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்து, உள்ளே ஒரு டார்ச் வைத்திருந்தோம். புருடோத்தமனாகச் சின்னவன், குடிலனாக நாத்தனார் மகன். ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் உள்ளே எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டியங்காரன் “இதோ வருகிறார் சேர மன்னர்!” என்றான். யாரும் வரவில்லை. மறுபடி சொன்னான். மனோன்மணி மாலையோடு நிற்கிறாள், கை வலிக்கிறது. உள்ளேயிருந்து கடலை மிட்டாய் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

என் மாமியார் நாற்காலியிலிருந்து குனிந்து ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்த்து, “ஏப்பா ராஜா, முகூர்த்தம் போகுது” என்றார்.

“இங்கயே நல்லா இருக்கு அப்பாயி, அவளை இங்க வரச் சொல்லுங்க” என்று பதில் வந்தது.

பெரியவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பட்டுப் பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மாலையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுரங்கத்துக்குள் தவழ்ந்து போனாள்.